செலவு யார் தலையில்? ஆஸ்திரேலியத் தேர்தல்களும் காலநிலை நிலைப்பாடுகளும், 1990–2025

கேள்வி

தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர்களின் காலநிலை நிலைப்பாடுகளை அட்டவணையிட்டு ஒப்பிடுவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. 2030க்குள் எந்தக் கட்சி எத்தனை சதவீதம் உமிழ்வைக் குறைப்பதாகச் சொல்கிறது, எந்தத் தலைவர் அறிவியலை ஏற்கிறார், யார் மழுப்புகிறார் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் மதிப்பெண் போடுகின்றன. நாளேடுகள் அதை வெளியிடுகின்றன. வாக்காளர் அதைப் பார்த்து முடிவெடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. இந்த மதிப்பெண்கள் உண்மையில் எதை அளக்கின்றன? மேடையில் சொல்லப்பட்ட நிலைப்பாட்டுக்கும் ஆட்சியில் நடந்ததற்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க ஆஸ்திரேலியா நல்ல களம். உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதி நாடுகளில் அது ஒன்று. வறட்சி, காட்டுத்தீ, பவளப் பாறைகளின் அழிவு என்று காலநிலை மாற்றத்தின் அடியை நேரடியாக வாங்கும் வளர்ந்த நாடும் அதுவே. மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வருவதால் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. மால்கம் டர்ன்புல் என்ற ஒரே மனிதர் உமிழ்வுக் கொள்கையால் மூண்ட உட்கட்சிப் பூசலில் இரண்டு முறை தலைமையை இழந்தார்: 2009இல் எதிர்க்கட்சித் தலைவராக, 2018இல் பிரதமராக. தொழிற்கட்சிப் பிரதமர்களான கெவின் ரட், ஜூலியா கில்லார்ட் ஆகியோரின் வீழ்ச்சியிலும் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

என் வாதம் இது. ஆஸ்திரேலியத் தேர்தல்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது குறைப்பு இலக்கு என்ற எண் அல்ல; அறிவியலை நம்புவதா வேண்டாமா என்பதும் அல்ல. மாற்றத்தின் செலவை எந்தத் தரப்பு எதிராளியின் தலையில் கட்டியது என்பதே தீர்மானித்தது. அந்த உத்தியைத் தொழிற்கட்சி, லிபரல்–நேஷனல் கூட்டணி ஆகிய இரு தரப்பும் மாறி மாறிக் கையாண்டிருக்கின்றன. அதைவிட முக்கியமாக, தேர்தலில் அதிகம் முழங்கப்பட்ட நிலைப்பாடுகளைவிட, பெரிதாகப் பேசப்படாமல் சட்டமாகவும் நிறுவனமாகவும் வேரூன்றியவையே ஆட்சிமாற்றங்களைத் தாண்டி நின்றிருக்கின்றன.

இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

ஆஸ்திரேலியாவின் காலநிலை அரசியலுக்குப் பொதுவாக மூன்று விளக்கங்கள் தரப்படுகின்றன.

முதலாவது, நிலக்கரித் தொழிலின் செல்வாக்கு. லிபரல் கட்சிக்குள் இருந்தவரான கை பியர்ஸ் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தொழில்துறைத் தரகர்களைச் சந்தித்துப் பேசினார். அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்டு அரசின் கொள்கை ஆவணங்களில் தங்கள் கை எவ்வளவு நீளமாக இருந்தது என்று அவர்களே பெருமையாகச் சொன்னதை 2006இல் ஏபிசி தொலைக்காட்சி வழியாக அவர் வெளிக்கொணர்ந்தார். மரியன் வில்கின்சனின் ‘தி கார்பன் கிளப்’ (2020) இதே பாதையில் செல்கிறது. இந்த விளக்கத்துக்குச் சான்று வலுவானது. ஆனால் நிலக்கரித் தொழிலின் பலம் ஏறக்குறைய நிலையாக இருந்தபோதே தேர்தல் முடிவுகள் எதிரெதிர்த் திசைகளில் ஆடின. நிலையான ஒரு காரணம் மாறும் விளைவுகளை முழுதாக விளக்காது.

இரண்டாவது, ஊடகம். ரூபர்ட் மர்டாக்கின் நாளேடுகள் கார்பன் வரிக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் நடத்திய பிரச்சாரம் யாருக்கும் தெரியாததல்ல. அதே நாளேடுகள் 2021 அக்டோபரில் நிகர பூஜ்ய உமிழ்வை ஆதரித்துத் தொடர் சிறப்பிதழ்கள் வெளியிட்டன. லிபரல் கட்சியின் உட்பூசல் அதனால் அடங்கவில்லை.

மூன்றாவது, வாக்காளர்களின் நம்பிக்கைப் பிளவு. வலதுசாரிச் சாய்வும் காலநிலை ஐயமும் கைகோத்திருப்பது ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மற்ற நாடுகளைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்று உளவியலாளர் மேத்யூ ஹார்ன்சியும் அவர் குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிளவு காரணமா விளைவா? லோவி நிறுவனத்தின் ஆண்டுக் கருத்துக்கணிப்பு இங்கே உதவும். புவி வெப்பமடைதல் தீவிரமான சிக்கல், கணிசமான செலவானாலும் உடனே நடவடிக்கை வேண்டும் என்றவர்கள் 2006இல் 68 சதவீதம். 2012இல் 36 சதவீதம். 2019இல் 61 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் அறிவியல் பலவீனமாகவில்லை. மாறியது கட்சிகள் பேசிய பேச்சு. வாக்காளர் நம்பிக்கையைப் பார்த்துக் கட்சிகள் நிலைப்பாடு எடுத்தன என்பதைவிட, கட்சித் தலைவர்கள் பிரிந்தபோது வாக்காளர்களும் பிரிந்தார்கள் என்பதற்கே இந்த எண்கள் அதிகம் பொருந்துகின்றன.

இரு தரப்பும் ஒத்துப்போன தேர்தல்கள்: 1990, 2007

இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று. 1990 மார்ச் தேர்தலில் ஆண்ட்ரூ பீகாக் தலைமையிலான லிபரல்–நேஷனல் கூட்டணி, 2000ஆம் ஆண்டுக்குள் பசுங்குடில் வாயு உமிழ்வை 20 சதவீதம் குறைப்பதாக வாக்குறுதி அளித்தது. ஆளும் தொழிற்கட்சி அந்தத் தேர்தலில் அவ்வளவு தூரம் போகவில்லை. பின்னாளில் உமிழ்வுக் கட்டுப்பாட்டின் முதன்மை எதிரியாக அறியப்பட்ட தரப்பு அன்று முந்திநின்றது. வென்ற பாப் ஹாக் அரசு அதே ஆண்டு அக்டோபரில் 2005க்குள் 20 சதவீதக் குறைப்பு என்ற இடைக்கால இலக்கை அறிவித்தது. பொருளாதாரத்துக்குக் கேடு வராத அளவில் மட்டும் என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. அந்த நிபந்தனை இலக்கையே விழுங்கியது. 1997இல் கியோட்டோவில் ஆஸ்திரேலியா பெற்றுவந்தது குறைப்பு இலக்குகூட இல்லை: 1990 அளவைவிட 8 சதவீதம் கூடுதலாக உமிழ அனுமதி. அதையும் ஏற்புறுதி செய்யப்போவதில்லை என்று ஜான் ஹோவர்டு 2002ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளன்று அறிவித்தார்.

2007 தேர்தலை ‘உலகின் முதல் காலநிலைத் தேர்தல்’ என்று சொல்வோர் உண்டு. நெடிய வறட்சி, அல் கோரின் காலநிலை ஆவணப்படம், காலநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி 2006 அக்டோபரில் வெளியான ஸ்டெர்ன் அறிக்கை எல்லாம் சேர்ந்து பொதுமனநிலையை மாற்றியிருந்தன என்பது சரி. ஆனால் கட்சிகளின் ஆவணங்களை எடுத்து வைத்துப் பார்த்தால் இடைவெளி குறுகலானது. ஹோவர்டும் உமிழ்வு வணிகத் திட்டத்தை ஏற்றுக்கொண்டிருந்தார், ரட்டும் ஏற்றிருந்தார். வெளிப்படையான வேறுபாடு கியோட்டோ ஏற்புறுதி. ரட் 2050க்குள் 60 சதவீதக் குறைப்பு என்றார். 2020க்கு எவ்வளவு என்று கேட்டபோது, பொருளியலாளர் ராஸ் கார்நாட்டின் அறிக்கை வரட்டும் என்றார். தொலைதூர இலக்கு கையில். அருகிலுள்ள இலக்கு அறிக்கைக்குப் பின்னால். செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு அவர் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஹோவர்டும் அதே திட்டத்தை வைத்திருந்ததால் அதை உரக்கக் கேட்க முடியவில்லை. ரட் வென்றார், ஹோவர்டு தம் சொந்தத் தொகுதியான பென்னலாங்கையும் இழந்தார். டிசம்பர் 3 அன்று பதவியேற்ற ரட், அன்றே கியோட்டோ ஏற்புறுதி ஆவணத்தில் கையெழுத்திட்டார்.

ரட் இதைத் தலைமுறையின் மாபெரும் அறச்சவால் என்று வருணித்தவர். 2010 ஏப்ரலில் அவரே உமிழ்வு வணிகத் திட்டத்தைத் தள்ளிவைத்தபோது அந்தப் பழைய சொல் அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. இடையில் நடந்ததை எண்களோடு சொல்ல வேண்டும். 2009 டிசம்பர் 1 அன்று டோனி அபாட் 42க்கு 41 என்ற கணக்கில் டர்ன்புல்லை வீழ்த்தி லிபரல் தலைவரானார். மறுநாள் செனட்டில் திட்டம் 33க்கு 41 என்று தோற்றது. இரண்டு லிபரல் செனட்டர்கள் கட்சி முடிவை மீறி அரசுக்கு வாக்களித்தார்கள். இலக்கு போதாது என்று பசுமைக் கட்சியின் ஐவர் எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த ஐவர் மாறியிருந்தால் 38க்கு 36 என்று நிறைவேறியிருக்கும். தொழிற்கட்சியினர் இதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். 2000ஆம் ஆண்டு அளவிலிருந்து குறைந்தது 5 சதவீதம் என்ற அத்திட்டத்தின் அடிமட்ட இலக்கு நாட்டைப் பல்லாண்டுக்குக் கட்டிப்போட்டிருக்கும் என்பது பசுமைக் கட்சியின் பதில். இரண்டிலும் நியாயம் உண்டு. என் பார்வையில், வாக்கெடுப்புக்கு முந்தைய நாளின் அந்த ஒற்றை வாக்குத்தான் அடுத்த பத்தாண்டுகளின் அரசியலை அதிகம் தீர்மானித்தது.

9.90 டாலரும் 100 டாலரும்: 2010–2014

2010 ஆகஸ்ட் தேர்தலுக்கு ஐந்து நாட்கள் இருக்கும்போது, தம் தலைமையிலான அரசில் கார்பன் வரி இராது என்று, ரட்டுக்குப் பின் பிரதமராகியிருந்த கில்லார்ட் தொலைக்காட்சியில் சொன்னார். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், கார்பனுக்கு விலை வைக்கும் சட்டத்தைத் தாம் நிராகரிக்கவில்லை என்று நாளேடு ஒன்றிடம் சொன்னார். நினைவில் நின்றது முதல் கூற்று மட்டுமே. தொங்கு நாடாளுமன்றம் அமைந்தது. பசுமைக் கட்சி, சுயேச்சைகள் ஆகியோரின் ஆதரவோடு ஆட்சி அமைத்தவர், 2011 நவம்பரில் தூய எரிசக்திச் சட்டத்தை நிறைவேற்றினார். 2012 ஜூலை 1 முதல் டன்னுக்கு 23 டாலர். மூன்றாண்டு நிலையான விலைக்குப்பின் சந்தை விலை. சட்டநுணுக்கப்படி இது நிலையான விலையில் தொடங்கும் உமிழ்வு வணிகத் திட்டம். கில்லார்ட் அதை ‘வரி’ என்று அழைப்பதை மறுக்காமல் விட்டது பெரும் பிழை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

செலவு என்ன? கருவூலத் துறையின் மதிப்பீட்டில் விலைவாசி 0.7 சதவீதம் உயரும்; சராசரிக் குடும்பத்துக்கு வாரத்துக்கு 9.90 டாலர் கூடும். வரிக்குறைப்பும் உதவித்தொகையுமாகத் திரும்பி வருவது வாரத்துக்கு 10.10 டாலர். வருமான வரி விலக்கு வரம்பு 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்ந்தது. காகிதக் கணக்கில் சராசரிக் குடும்பம் இருபது காசு லாபத்தில் நின்றது.

எதிர்த்தரப்பின் கணக்கு வேறு. நேஷனல் கட்சியின் பார்னபி ஜாய்ஸ், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வாங்கும் இறைச்சி 100 டாலர் ஆகும் என்றார். எஃகு ஆலை நகரமான வையல்லா வரைபடத்திலிருந்தே துடைக்கப்படும் என்றார் அபாட். வரி வந்தது, வையல்லா இருந்த இடத்திலேயே இருந்தது. ஆலை உரிமையாளரான அரியம் நிறுவனம் கடனில் மூழ்கி நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது 2016இல், வரி ஒழிந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து. காரணம் உலகச் சந்தையில் எஃகு, இரும்புத்தாது விலைகளின் சரிவு.

ஆனால் மேடையில் இந்தச் சரிபார்ப்புக்கு மதிப்பில்லை. 9.90 டாலர் என்பது கணக்காளரின் எண். 100 டாலர் இறைச்சி சமையலறைக்குள் வந்து நின்றது. ஈட்டுத்தொகை சத்தமில்லாமல் வங்கிக் கணக்கில் சேர்ந்தது, மின்கட்டண ரசீதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தது. அக்காலத்தில் மின்கட்டணம் ஏறியதற்கு மின்கம்பிகளிலும் மின்கம்பங்களிலும் செய்த பெருமுதலீடு முக்கியக் காரணமாக இருந்தும், பழி கார்பன் விலைமேல் விழுந்தது. அபாட்டின் தலைமை அலுவலராக இருந்த பெட்டா கிரெட்லின் 2017இல் தொலைக்காட்சியில் இதை மறைக்காமல் சொன்னார்: அது உண்மையில் கார்பன் வரியே அல்ல, சுற்றுச்சூழல் விவாதத்தை மக்களின் பணப்பை பற்றிய சண்டையாக மாற்றினோம், அதற்கு அபாட்டுக்கு ஆறு மாதம் போதுமாயிருந்தது என்பது அவர் கூற்றின் சாரம். இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் அரசியல் வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை. 2009 ஜூலையில், கார்பனுக்கு விலை வைப்பதென்றால் எளிய வரியாகவே வைத்துவிடலாமே என்று பேசியவரும் இதே அபாட்தான்.

2013 செப்டம்பரில் கூட்டணி 150இல் 90 இடங்களை வென்றது. 2014 ஜூலை 17 அன்று சட்டம் நீக்கப்பட்டது.

கட்டாய வாக்களிப்பு ஏன் முக்கியம்

இங்கே ஒரு கட்டமைப்புக் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சித் தேர்தல்களில் 1924 முதல் வாக்களிப்பது சட்டக் கடமை. பத்தில் ஒன்பது பேர் வாக்களிக்கிறார்கள். தீவிர ஆதரவாளரை வாக்குச்சாவடிக்கு அழைத்துவர அமெரிக்கக் கட்சிகள் படும் பாடு அங்கே இல்லை. ஆகவே போட்டி முழுவதும், அரசியலில் ஆர்வம் குறைந்த, சிறு வித்தியாசத்தில் முடிவாகும் தொகுதிகளில் வாழும், வீட்டுக்கடனும் மின்கட்டணமும் கட்டும் வாக்காளரை நோக்கித் திரும்புகிறது. அவருக்குக் காலநிலைமேல் கவலை இல்லை என்று பொருளில்லை. கவலை உண்டு, அது எவ்வளவு செலவைத் தாங்கும் என்பதில்தான் ஐயம்.

குவீன்ஸ்லாந்து, 2019

2019 மே தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் பில் ஷார்ட்டன் 2005 அளவிலிருந்து 2030க்குள் 45 சதவீதக் குறைப்பை முன்வைத்தார். கூட்டணிப் பிரதமர் ஸ்காட் மாரிசன் அரசின் இலக்கு 26 முதல் 28 சதவீதம். கருத்துக்கணிப்புகள் அனைத்தும் தொழிற்கட்சி வெல்லும் என்றன. நிலைப்பாட்டு அட்டவணைகளிலும் அதற்கே கூடுதல் மதிப்பெண். ‘உங்கள் திட்டத்துக்கு என்ன செலவாகும்?’ என்று செய்தியாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டபோது, செயல்படாதிருப்பதன் செலவையும் கணக்கிட வேண்டும் என்று ஷார்ட்டன் பதில் சொன்னார். பொருளியல் நோக்கில் அது சரியான விடை. தேர்தல் நோக்கில் காலி இடம். அந்த இடத்தைப் பொருளியலாளர் பிரையன் ஃபிஷரின் மதிப்பீடுகளை எடுத்துக்கொண்டு கூட்டணி நிரப்பியது. 2030இல் விற்கும் புதிய கார்களில் பாதி மின்கார்களாக இருக்க வேண்டும் என்ற இலக்கு, ஆஸ்திரேலியரின் வார இறுதியையே பறிக்கும் திட்டமாகச் சித்தரிக்கப்பட்டது.

அதானி குழுமத்தின் கார்மைக்கேல் சுரங்கம் இதே தேர்தலின் மையத்தில் இருந்தது. பசுமைக் கட்சியின் முன்னாள் தலைவர் பாப் பிரவுன், டாஸ்மேனியாவிலிருந்து மத்திய குவீன்ஸ்லாந்தின் கிளர்மாண்ட் வரை சுரங்க எதிர்ப்பு வாகனப் பேரணி நடத்தினார். தெற்கிலிருந்து வந்தவர்கள் தங்கள் பிழைப்பில் மண் போட வருகிறார்கள் என்றே உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். தொழிற்கட்சியோ மெல்போர்னில் ஒன்றும் குவீன்ஸ்லாந்தின் மாக்கேயில் ஒன்றுமாகப் பேசியது. கேப்ரிகோர்னியா, டாசன் தொகுதிகளில் அதற்கு எதிராக 10 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் சாய்ந்தன. குவீன்ஸ்லாந்தின் 30 இடங்களில் ஆறு மட்டுமே அதற்குக் கிடைத்தன. கட்சி நியமித்த மறுஆய்வுக் குழு அதானி விஷயத்தில் காட்டிய மயக்கநிலையையும் தோல்விக்குக் காரணமாகச் சுட்டியது. அதே இரவு, சிட்னியின் வசதிபடைத்த வாரிங்கா தொகுதியில் 25 ஆண்டுகள் இருந்த அபாட், காலநிலையை முன்னிறுத்திய சுயேச்சை சாலி ஸ்டெகாலிடம் தோற்றார். ஒரே நாள், ஒரே பொருள். நிலக்கரி நகரத்தில் ஒரு தீர்ப்பு, கடற்கரைப் புறநகரில் எதிர்த்தீர்ப்பு.

அந்த நிலக்கரி வட்டாரத்தில் ஓர் ஊரின் பெயர் தமிழர்களுக்குத் தெரியும்: பிலோயிலா. ஈழத்தமிழ் அகதிக் குடும்பம் ஒன்றை நாடுகடத்தவிடாமல் ஆண்டுக்கணக்கில் போராடிய சிற்றூர். கலைட் நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இறைச்சி ஆலையும் அந்த ஊருக்குச் சோறு போடுகின்றன. அது அமைந்துள்ள ஃபிளின் தொகுதி 2019இலும் அடுத்த இரு தேர்தல்களிலும் கூட்டணி வசமே இருந்தது. காலநிலை நடவடிக்கைக்கு எதிராக வாக்களிப்பவரை ஈரமற்றவராகவோ அறியாதவராகவோ காட்டும் எழுத்துக்கு இந்த ஊர் ஒரு நல்ல மறுப்பு.

செலவு சேமிப்பாக மாறிய தேர்தல்: 2022

2019–20 காட்டுத்தீயில் 33 பேர் உயிரிழந்தார்கள், 3,000க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2022 தொடக்கத்தில் லிஸ்மோர் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. பேரிடர்கள் மக்கள் மனத்தை மாற்றின, அதனால் 2022இல் ஆட்சி மாறியது என்பது எளிய விளக்கம். அதில் பாதி உண்மை. தொழிற்கட்சி செய்த மாற்றத்தையும் பார்க்க வேண்டும். 45 சதவீத இலக்கு 43 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்குள் நாட்டின் பெருநிறுவனங்களின் பேரவை 46 முதல் 50 சதவீத இலக்கை ஆதரிக்கத் தொடங்கியிருந்தது. 45 சதவீதம் பொருளாதாரத்தையே நொறுக்கும் என்று 2018இல் சொன்ன அதே பேரவை. தொழிற்கட்சித் தலைவர் அந்தோணி அல்பனீஸ் தொழிலதிபர்களைவிட அடக்கமான இலக்கோடு களமிறங்கினார்.

இலக்கைவிட முக்கியமானது கூடவே வந்த எண்: 2025க்குள் குடும்பத்தின் ஆண்டு மின்கட்டணம் 275 டாலர் குறையும். செலவு எவ்வளவு என்ற கேள்வியைக் காத்திருந்து வாங்காமல், சேமிப்பு இவ்வளவு என்று முந்திக்கொண்டார்கள். மாரிசன் 2021 அக்டோபரிலேயே 2050 நிகர பூஜ்யத்தை ஏற்றுக்கொண்டிருந்ததால் கொள்கை அளவில் எதிர்க்கவும் வழியில்லை. அவர் கட்சிக்காரர்கள் அதையும் சும்மா விடவில்லை: ஃபிளின் வேட்பாளர் காலின் பாய்ஸ், 2050 இலக்கில் நெளிந்துகொள்ள இடமிருக்கிறது என்றார்; செனட்டர் மேட் கனவன், நிகர பூஜ்யம் செத்துவிட்டது என்றே சொன்னார். குவீன்ஸ்லாந்தில் வாக்குப் பெற்றுத்தந்த இந்தப் பேச்சு சிட்னி, மெல்போர்ன், பெர்த் நகரங்களில் வாக்கைப் பறித்தது. கூயாங், வென்ட்வர்த், கோல்ட்ஸ்டீன், மக்கெல்லர், வடக்கு சிட்னி, கர்ட்டின் ஆகிய ஆறு செல்வத் தொகுதிகளைச் சுயேச்சைப் பெண் வேட்பாளர்கள் லிபரல் கட்சியிடமிருந்து கைப்பற்றினார்கள். கருவூல அமைச்சர் ஜோஷ் ஃபிரைடன்பர்க் தோற்றது அவ்வாறுதான்.

இந்தச் சுயேச்சைகள் என் வாதத்துக்கு எதிர்ச்சான்று ஆவார்களா? அவர்கள் 2030க்குள் 60 சதவீதம் போன்ற உயர்ந்த இலக்குகளைப் பேசியே வென்றார்கள். ஆனால் மின்கட்டண ரசீது மாதச் செலவைக் குலைக்காத தொகுதிகளில் அது நடந்தது. செலவுக் கேள்வி அங்கே தோற்கடிக்கப்படவில்லை, எழவே இல்லை.

275 டாலர் சேமிப்பு வரவில்லை. யுக்ரைன் போருக்குப் பின் எரிபொருள் விலை ஏறி, கட்டணம் உயர்ந்தது. 2025 தேர்தலில் அல்பனீஸ் அந்த எண்ணைத் திரும்பச் சொல்லவில்லை. கூட்டணித் தலைவர் பீட்டர் டட்டனோ ஏழு பழைய நிலக்கரி நிலைய இடங்களில் அணுமின் நிலையங்கள் கட்டும் திட்டத்தோடு வந்து சிக்கிக்கொண்டார். பிலோயிலாவின் கலைட் அந்த ஏழில் ஒன்று. கூட்டணி நம்பிய மதிப்பீட்டில் மொத்தச் செலவு 331 பில்லியன் டாலர். தொழிற்கட்சியோ 600 பில்லியன் என்று ஊரெங்கும் சொன்னது. சூரியமின் தொழிலைச் சார்ந்த அமைப்பொன்றின் மதிப்பீடு 116 முதல் 600 பில்லியன் வரை என்று விரிந்திருக்க, அதன் உச்சியை மட்டும் எடுத்துக்கொண்டது. 100 டாலர் இறைச்சியின் உறவுமுறைதான் இதுவும். இம்முறை செலவு கூட்டணியின் தலையில் கட்டப்பட்டது. தொழிற்கட்சி 94 இடங்களில் வென்றது. டட்டன் தம் தொகுதியையும் இழந்தார்.

யாரும் எடுக்காத நிலைப்பாடு

இத்தனை தேர்தல்களிலும் இரு பெருங்கட்சிகளும் மோதிக்கொள்ளாத ஒரு பொருள் உண்டு: ஏற்றுமதி. ஐ.நா. கணக்கீட்டு முறையில், எரிபொருள் எங்கே எரிகிறதோ அந்த நாட்டின் கணக்கில் உமிழ்வு ஏறும். ஆகவே 26 சதவீதமோ 43 சதவீதமோ, ஆஸ்திரேலியத் துறைமுகங்களிலிருந்து ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் போகும் நிலக்கரியை அந்த எண் தொடுவதே இல்லை. இந்திய எஃகு ஆலைகளின் உலைகளுக்குத் தேவைப்படும் கோக்கிங் நிலக்கரியில் பெரும்பகுதி குவீன்ஸ்லாந்தின் போவன் படுகையிலிருந்து வருகிறது. இந்தியாவில் எழும் கட்டடங்களின் கம்பியிலும் அந்தக் கரி இருக்கிறது. ஆஸ்திரேலியா மட்டும் குற்றவாளி என்று நாம் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கார்மைக்கேல் சுரங்கத்துக்கு 2019 ஜூனில் இறுதி அனுமதிகளை வழங்கியது குவீன்ஸ்லாந்தின் தொழிற்கட்சி அரசு. கூட்டாட்சித் தேர்தல் முடிந்து நான்கு வாரங்களுக்குள். மாரிசனைவிட உயர்ந்த இலக்கோடு ஆட்சிக்கு வந்த அல்பனீஸ் அரசும் நிலக்கரிச் சுரங்க நீட்டிப்புகளுக்கு அனுமதி தந்தது. 2025 மே மாதம், வெற்றிபெற்ற சில வாரங்களில், மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குத் திட்டு எரிவாயுத் திட்டத்தை 2070 வரை நீட்டிக்க முதற்கட்ட ஒப்புதல் கொடுத்தது. நிலைப்பாட்டு அட்டவணைகளில் இலக்குக்கென்று ஒரு பத்தி தவறாமல் இருக்கும். மௌனத்துக்கென்று பத்தி இருந்திருந்தால் இரு கட்சிகளின் மதிப்பெண்ணும் மிக அருகருகே நின்றிருக்கும். பசுமைக் கட்சி மட்டும் விதிவிலக்கு.

ஆட்சிமாற்றங்களைத் தாண்டி நின்றவை

முழங்கப்பட்டவற்றுள் கியோட்டோ ஏற்புறுதி நிலைத்தது உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவின் இலக்கு அவ்வளவு தாராளமாக இருந்ததால் அதைக் காப்பாற்ற யாரும் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. மறுபக்கம், ஒரு தேர்தலையும் தீர்மானிக்காத சில ஏற்பாடுகளைப் பாருங்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான கட்டாய இலக்கை 2001இல் கொண்டுவந்தது ஹோவர்டு அரசு: ஆண்டுக்கு 9,500 கிகாவாட் மணி. ரட் ஆட்சியில் கூட்டணியின் ஆதரவோடு அது பலமடங்கு விரிந்தது. 2015இல் அபாட் அரசு 41,000 கிகாவாட் மணியிலிருந்து 33,000ஆக வெட்டியது, ஒழிக்க முடியவில்லை. கூரை சூரியமின் தகடுகளுக்கு மானியத்தை 8,000 டாலராக உயர்த்தியதும் ஹோவர்டுதான், தேர்தல் ஆண்டான 2007இன் வரவுசெலவுத் திட்டத்தில். இன்று 40 லட்சத்துக்கு மேற்பட்ட கூரைகளில் தகடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களில் பலர் வேறு காரணங்களுக்காகக் கூட்டணிக்கு வாக்களிப்பவர்கள். தகட்டுக்கு எதிராகப் பேச எந்தக் கட்சிக்கும் துணிவில்லை.

தூய எரிசக்தி நிதிக் கழகத்தின் கதை இன்னும் விநோதமானது. கில்லார்ட் சட்டத்தொகுப்பின் பகுதியாக 10 பில்லியன் டாலருடன் உருவான நிறுவனம் அது. அபாட் அதைக் கலைக்க முயன்றார். அதைக் காத்தவர் நிலக்கரிச் சுரங்கச் சொத்துகளின் அதிபரான கிளைவ் பால்மர். 2014 ஜூனில் அல் கோரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கார்பன் வரியை நீக்க வாக்களிப்போம், ஆனால் நிதிக் கழகத்தையும் புதுப்பிக்கத்தக்க மின் இலக்கையும் தொடவிட மாட்டோம் என்று அவர் அறிவித்தார். அவரை எந்த நிலைப்பாட்டு அட்டவணையில் எங்கே வைப்பது?

அபாட் தரப்பும் தானறியாமல் ஒன்றை விட்டுச்சென்றது. கார்பன் வரிக்கு மாற்றாகக் கொண்டுவந்த திட்டத்துக்குள், பெரும் தொழிற்கூடங்களின் உமிழ்வுக்கு உச்சவரம்பு விதிக்கும் பாதுகாப்புப் பொறிமுறை இருந்தது. 2016இல் நடைமுறைக்கு வந்தபோது அதற்குப் பல்லே இல்லை. 2023 மார்ச்சில் அல்பனீஸ் அரசு பசுமைக் கட்சியின் ஆதரவோடு அதற்குப் பல் பொருத்தியது: 215 தொழிற்கூடங்கள், 2030 வரை ஆண்டுதோறும் 4.9 சதவீத வரம்புக் குறைப்பு. கார்பன் விலையை ஒழித்தவர்களின் சட்டத்தின் மேல் ஏறிநின்றே தொழிற்கட்சி கார்பனுக்கு மறுபடி ஒருவகை விலை வைத்தது. அதை யாரும் வரி என்று அழைத்து வெல்ல முடியவில்லை.

2025 செப்டம்பரில் அல்பனீஸ் அரசு 2035க்கு 62 முதல் 70 சதவீதம் என்ற புதிய இலக்கை அறிவித்தது. நவம்பரில் முதலில் நேஷனல் கட்சியும் அடுத்து லிபரல் கட்சியும் 2050 நிகர பூஜ்ய இலக்கைக் கைவிட்டன. மலிவான மின்சாரமே முதன்மை என்பது அவை சொல்லும் காரணம். அடுத்த தேர்தலுக்கான சண்டை பழைய இடத்திலேயே தொடங்கிவிட்டது. இதனிடையே, 2025 ஜூலை முதல் வீட்டு மின்கலங்களுக்கு ஏறக்குறைய 30 சதவீதத் தள்ளுபடி தரும் திட்டம் நடப்பிலிருக்கிறது. 275 டாலரைச் சொல்லி மாட்டிக்கொண்ட அரசு, இம்முறை பொருளையே வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. கூரைத் தகட்டுக்குக் கிடைத்த காவலர்கள் மின்கலத்துக்கும் கிடைப்பார்களா என்பது அடுத்த தேர்தல் முடிவைவிட நெடிய காலம் எடுத்தே தெரியும்.